மணிக்கட்டைப் பிடிக்க ஓர் ஆள்

"யோவ் நோடா, எழுந்திரு! நான் இன்னும் உன்னை அசைக்கவே இல்ல. அதுக்குள்ள என்ன அவசரம், விழுந்துட்டே?"

மசுயே போட்ட சத்தத்தில் கூடமே அப்படியே நின்றுவிட்டது. ஐகிடோ என்ற தற்காப்புக் கலை பழகும் கூடத்தில் யாரும் சத்தம் போடுவதில்லை. பாயில் உடம்பு விழும் சத்தம் கேட்கும், மூச்சு வாங்குவது கேட்கும், அவ்வளவுதான். ஒன்பது வருஷமாக வாயைத் திறக்காமல் வந்து போன அறுபத்தெட்டு வயதுக்காரி, ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மரியாதையான மனிதரை, பெயரோடு ஒரு 'சான்' கூடச் சேர்க்காமல், 'யோவ்' என்று கூப்பிட்டால் எல்லோரும் திரும்பிப் பார்க்கத்தானே செய்வார்கள்.

நோடா பாயில் உட்கார்ந்தபடியே, கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கினார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. யாரிடமும் கடுமையாகப் பேசிப் பழக்கமில்லாத ஆள்.

"இல்ல மசுயே சான், நான் உங்க கையைப் பிடிச்சேன், நீங்க திருப்பினீங்க, நான் விழுந்தேன். அதானே வழக்கம்?"

"நான் எங்கய்யா திருப்பினேன்? மூக்கு அரிச்சுது. சொறியலாம்னு கையைத் தூக்கினேன்."

யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்கள்.

"உங்களுக்கு இடுப்பு வேற சரியில்ல. அதான் கொஞ்சம் பாத்து..."

"என் இடுப்பைப் பத்தி உங்கிட்ட யாரு கேட்டா? பிச்சை போடற மாதிரி விழாதே. நான் ஒண்ணும் தட்டு ஏந்திக்கிட்டு நிக்கல."

கற்றுக்கொடுக்கும் எனொமொத்தோ சென்செய் கையைத் தட்டினார். "ஜோடி மாத்திக்குங்க" என்றார். எல்லோரும் குனிந்து வணங்கி ஜோடி மாறினார்கள். மசுயேவின் பக்கம் யாரும் திரும்பவில்லை.

மசுயேவுக்கு இந்தக் கோபம் வந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் நாலு நாள் பின்னால் போக வேண்டும். எங்கள் தனபே ஊரின் ஆடித் திருவிழா. தேர்கள் துறைமுகத்துத் தெருவில் வந்துகொண்டிருந்தன. மசுயே மீன்கடை ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்துவிட்டு வந்த வெளியூர்க்காரன் ஒருவன் அவள் மணிக்கட்டை லபக்கென்று பிடித்தான்.

"வாங்க அத்தை, ஒரு ஆட்டம் போடலாம்!"

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்பது வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? அவளுடைய இன்னொரு கை தானாகவே வந்து அவன் கைமேல் படிந்தது. அவன் மணிக்கட்டை மடக்கி, விரல்களை அவன் நெஞ்சுப் பக்கம் திருப்பி, இடுப்பைத் தாழ்த்தி இறக்கினாள். கூடத்தில் இதைச் செய்தால் நோடா முட்டிபோட்டு, போதும் போதும் என்று பாயைத் தட்டுவார்.

குடிகாரன் நின்ற இடத்திலேயே நின்றான். அவனுடைய மற்ற கையில் இருந்த மதுக்கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. குனிந்து அவள் கையைப் பார்த்தான்.

"என்ன அத்தை, ரேகை பாக்கறீங்களா? எனக்கு எப்போ கல்யாணம் ஆகும்?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே கையை விட்டுவிட்டுத் தேர் பின்னால் போய்விட்டான். மசுயே வீட்டுக்கு வந்து விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்தாள். அவனுக்கு விழ வேண்டும் என்று தெரியவில்லை. கூடத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். ஒன்பது வருஷமாக அவள் யாரையும் தள்ளவில்லை, அவர்களாகவே படுத்துக்கொண்டிருந்தார்கள்.

சண்டை போட்ட அன்று பயிற்சி முடிந்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். பாயைப் பெருக்க மசுயேவும் சென்செய்யும் மட்டும் நின்றார்கள். எனொமொத்தோ பகலில் நகராட்சியில் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். மசுயேவைவிட இருபத்திரண்டு வயது சின்னவர். பொய் சொல்லத் தெரியாது. அதனால் பேச்சே குறைவு.

"சென்செய், நீங்களும் எனக்காக விழுந்திருக்கீங்களா?"

துடைப்பம் கொஞ்ச நேரம் ஒரே இடத்தைப் பெருக்கியது.

"சில நாள்."

"எந்த நாள்?"

"மழை நாள்ல உங்க முட்டி வலிக்கும்னு சொல்வீங்க. அப்போ."

"கறுப்புப் பட்டை குடுத்தீங்களே எனக்கு. பரீட்சை வச்சு, எல்லார் முன்னாடியும். அன்னிக்கு?"

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். அது நழுவி விழுந்தது. மறுபடி எடுத்துச் சாய்த்தார்.

"அன்னிக்கு மழை பெஞ்சுது, மசுயே சான்."

மசுயே எதற்காக இந்தக் கூடத்துக்கு வந்தாள் என்பது யாருக்கும் தெரியாது. கேட்டவர்களிடமெல்லாம் தற்காப்புக்கு என்று சொல்லி வைத்திருந்தாள். அந்த வயதில் அவளை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்?

அவள் புருஷன் ரியோகிச்சி சூரை மீன் படகில் சமையல்காரர். வருஷத்தில் பாதி கடலில்தான் இருப்பார். முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியதில் ஒரு நாள்கூட அவள் கையைப் பிடித்ததில்லை. பாத்திரம் வாங்கும்போது விரல் பட்டிருக்கும். ராத்திரி பட்டது வேறு கணக்கு, அதை விடுங்கள். பொய் சொல்வானேன், அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் பெரிதாக அழவில்லை. சாம்பலில் எலும்பு பொறுக்கினாள், வந்தவர்களுக்குச் சோறு போட்டாள், வீட்டைப் பெருக்கினாள். ஆறு மாதம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. தன்மேல் இன்னொரு மனுஷரின் கை பட்டு ஆறு மாதம் ஆகிவிட்டது. பிறகு ஒரு வருஷம் ஆயிற்று. பிறகு மூன்று வருஷம்.

கடையில் மீதிச் சில்லறையைத் தட்டில் வைக்கிறார்கள். கையில் தருவதில்லை. தெருவில் பார்த்தால் குனிகிறார்கள். குனிகிற தூரத்தில் கை எட்டாது. பிள்ளை குட்டியும் இல்லை. வைத்தியசாலை வாசலில் ரத்த அழுத்தம் பார்க்கும் இயந்திரம் ஒன்று உண்டு. கையை அதன் வாய்க்குள் விட்டால், உப்பி, இறுக்கிப் பிடித்து, மெள்ள விடும். மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மசுயே வாரம் ஒரு தடவை போய், இரண்டு தடவை கையை விட்டுக்கொண்டு வந்தாள்.

அப்போது அவள் நகராட்சி விளையாட்டுக் கூடத்தில் காலையில் தரை துடைக்கும் வேலை பார்த்தாள். ஒரு நாள் குடையை மறந்து வைத்துவிட்டு, சாயங்காலம் ஏழு மணிக்கு எடுக்கப் போனாள். உள்ளே வெள்ளைச் சட்டை போட்டவர்கள் எதிரெதிரே முட்டிபோட்டு, தரையில் கை ஊன்றி, 'தயவு செய்து' என்று சொல்லிக் குனிந்தார்கள். பிறகு எழுந்து ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்தார்கள். ஆணும் பெண்ணும், வயசானவர்களும் சின்னவர்களும். கையைத் தட்டினால் ஆள் மாறி, இன்னொருவர் கையைப் பிடித்தார்கள். மசுயே குடையை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

எனொமொத்தோ வந்து என்ன என்று கேட்டார்.

"இங்க கையைப் பிடிச்சா தப்பில்லையா?"

"பிடிக்காட்டாத்தான் தப்பு."

அடுத்த செவ்வாய்க்கிழமையே சேர்ந்துவிட்டாள்.

சென்செய் ஒன்றை அடிக்கடி சொல்வார். உன்னைப் பிடிக்க வருகிறவர் எதிரி இல்லை. அவர் தன் உடம்பை உனக்கு இரவல் தருகிறார். நீ அவருடைய பலத்தோடு முட்டாதே, அது போகிற பக்கம் நீயும் கூடப் போய்த் திரும்பு, அவரை உடைக்காமல் இறக்கிவை, முழுசாகத் திருப்பிக் கொடு. இதில் போட்டி இல்லை, ஜெயித்தவர் தோற்றவர் இல்லை. மசுயேவுக்கு இந்தப் பேச்சு ரொம்பப் பிடித்திருந்தது. இப்போது அதுவே கசந்தது. அவளுக்கு யாரும் உடம்பை இரவல் தரவில்லை. உடம்பு மாதிரி ஒரு பொம்மையைத் தந்திருந்தார்கள். பிடிக்காத பிடியிலிருந்து அவள் ஒன்பது வருஷம் தப்பித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. யாராவது ஒருத்தர் நிஜமாகப் பிடிக்க வேண்டும். விழவே வேண்டாம். பிடித்தால் போதும்.

ஆனால் சண்டைக்குப் பிறகு யாரும் கிட்டே வரவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. பயந்தார்கள், அதோடு வெட்கம் வேறு. நோடா அடுத்த வகுப்புக்கு ஒரு பெட்டி பலகாரம் கொண்டுவந்து, குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுக் கொடுத்துவிட்டு, மறுபடி அவள் முன்னால் வந்து முட்டிபோடவே இல்லை. சென்செய் கையைத் தட்டினால் மற்றவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்துகொள்வார்கள். மூன்று பேராகச் சேர்ந்தாலும் சேர்வார்களே தவிர, அவளிடம் வரமாட்டார்கள். மசுயே சுவரோரம் உட்கார்ந்து தன் மணிக்கட்டைத் தானே மடக்கி நீட்டிக்கொண்டிருப்பாள்.

வீட்டில் செய்து பார்த்தாள். வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். இரண்டு கைக்கும் ஒரே யோசனைதானே, ஒன்று நினைப்பது மற்றதற்குத் தெரிந்துவிடுகிறது. கிமோனோ இடுப்புத் துணியால் கையைத் தூணில் கட்டிக்கொண்டு திரும்பினாள். தூண் இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. முதுகுதான் பிடித்துக்கொண்டது.

ஏற்கெனவே அந்த முதுகு சரியில்லை. கோடையில் அவள் உமே என்ற புளிப்புப் பழத்தை ஊறுகாய் போடும் களத்துக்கு வேலைக்குப் போவாள். மூங்கில் தட்டில் பரப்பிய பழங்களை வெயிலில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட வேண்டும். நாளெல்லாம் குனிந்த முதுகு. அதற்கு மருந்து தடவிய வலி ஒட்டு ஒட்டுவாள். முதுகு நடுவில் ஒட்டுவதற்கு இரண்டாவது ஆள் வேண்டும். இல்லாதவள் என்ன செய்வாள்? ஒட்டின் மேல்தாளை உரித்து, பசைப் பக்கம் மேலே இருக்கும்படி தத்தாமி பாயில் வைப்பாள். இடம் பார்த்து உட்கார்ந்து, தாடையை நெஞ்சோடு சேர்த்து, முதுகை வளைத்து, கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி பின்பக்கமாக உருண்டு விழுவாள். ஒட்டு சரியான இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒன்பது வருஷப் படிப்பில் அவளுக்கு உருப்படியாகக் கைவந்தது அது ஒன்றுதான்.

கூடத்தில் இன்னொரு ஆளும் தனியாக நிற்பார். தாபுச்சி. வயது எழுபதுக்கு மேல். துறைமுகத்தில் அலைத்தடுப்புக்கு நாலுகால் கான்கிரீட் கட்டிகளைக் கடலில் இறக்கும் வேலை பார்த்தவர். கை ஒவ்வொன்றும் துடுப்பு மாதிரி இருக்கும். அவர் பக்கம் யாரும் போகமாட்டார்கள். காரணம், அவர் விழமாட்டார். பிடித்தால் பிடித்ததுதான். சென்செய் திருப்பினால் மட்டும் விழுவார், அதுவும் எல்லா நாளும் இல்லை. மற்ற நேரத்தில் சுவரைப் பார்த்தபடி மரக்கம்பு வீசிக்கொண்டிருப்பார். ஒன்பது பேர் வகுப்பில் ஒருவர் மிஞ்சித்தான் ஆகவேண்டும். அது அவர்தான் என்று எல்லோரும் சொல்லாமலே முடிவு செய்திருந்தார்கள்.

சேர்ந்த முதல் வருஷத்தில் மசுயே அவரிடம் ஒரு தடவை மாட்டினாள். பிடித்தார். அவள் இழுத்தாள், தள்ளினாள், முறுக்கினாள். அவர் முகத்தைக்கூடச் சுளிக்காமல் நின்றார். ஐந்து நிமிஷம் கழித்துச் சென்செய் கையைத் தட்டியதும் விட்டார். மரக்கம்பை எடுக்கப் போய்விட்டார். புருஷன் சாவுக்கு அழாதவள் அன்று வீட்டுக்குப் போய் அழுதாள். அதிலிருந்து கை தட்டும் சத்தம் கேட்டால் முதலில் தாபுச்சி எந்தப் பக்கம் இருக்கிறார் என்று பார்ப்பாள், அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பி, சிரித்த முகமாக இருக்கும் நோடா மாதிரி ஆள் முன்னால் முட்டிபோடுவாள்.

இப்போது கூடத்தின் ஒரு மூலையில் அவர், இன்னொரு மூலையில் இவள். மூன்று வாரம் இப்படியே போயிற்று. நாலாவது வாரம், சுவரோரம் உட்கார்ந்திருந்த மசுயேவுக்குத் திடீரென்று உறைத்தது. பொய் சொன்னவர்களைத் தேடித் தேடிப் போனது யார்? நிஜமாகப் பிடித்த ஒரே ஆளைக் கண்டு ஓடியது யார்? நோடாவைத் திட்டினோமே, நோடா விழுவான் என்று தெரிந்துதானே அவனிடம் போனோம்?

எழுந்தாள். பாயைக் குறுக்கே கடந்து தாபுச்சி முன்னால் முட்டிபோட்டாள். தரையில் கை ஊன்றி, "தயவு செய்து" என்றாள்.

தாபுச்சி தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"எதுக்கு?"

"பிடிங்க."

"நான் விழமாட்டேன்."

"விழுங்கன்னு உங்களை யாரு கேட்டா?"

அவர் கம்பை வைத்துவிட்டு வந்து பிடித்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் பிடித்த அதே பிடி. அவள் மணிக்கட்டு அவருடைய கைக்குள் காணாமல் போயிற்று. வலிக்கவில்லை. கடலுக்கு அடியில் கை மாட்டிக்கொண்டது மாதிரி இருந்தது. கூடத்தில் எல்லோரும் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். மசுயே அசைக்க முயன்றாள், முடியவில்லை. கை தட்டியதும் அவர் விட்டார். அவள் மறுபடி முட்டிபோட்டாள்.

"இன்னொரு தடவை."

"சரி."

செவ்வாயும் வெள்ளியும் இதே கதை. ஆகஸ்டு போயிற்று, செப்டம்பர் புயல் இரண்டு வந்து போயிற்று. அவர் ஒரு அங்குலம் நகரவில்லை. பேச்சும் அதிகம் இல்லை. ஒரு நாள் மட்டும் சொன்னார்:

"தோளு."

"தோளுக்கு என்ன?"

"உங்க தோளு என்கூட சண்டை போடுது. அதை வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."

"போகமாட்டேங்குது."

"கையை எனக்குக் குடுத்துட்டீங்கதானே? அப்புறம் ஏன் இழுக்கறீங்க? கை என்கிட்டயே இருக்கட்டும். மத்ததையெல்லாம் நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க."

சென்செய்யும் இதையேதான் ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிடித்த கையோடு போராடாதே, அதை இருந்த இடத்தில் விட்டுவிட்டு நீ திரும்பு என்று. அவர் சொல்லும்போதெல்லாம் எதிரே நின்றவர் விழுந்துவிட்டதால், அது என்ன என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வேளையே வரவில்லை.

இன்னொரு நாள், வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது கேட்டாள்.

"எல்லாரும் மரியாதைக்காவது விழறாங்க. நீங்க ஏன் விழறதில்ல? உங்களை யாருக்கும் பிடிக்கலன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம்?"

தாபுச்சி துண்டை மடித்தார். "என் பொண்டாட்டி கடைசி வருஷம் பூரா, எப்படி இருக்கேன்னு கேட்டா, நல்லாத்தான் இருக்கேன்னா. மரியாதையாச் சொன்னா. நான் நம்பிட்டேன்." பிறகு, "வாங்க, பிடிக்கறேன்" என்றார்.

வீட்டுக்குப் போனபின் மசுயே விளக்கின் கீழே கையை வைத்துப் பார்ப்பாள். நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் ஒரு பக்கம், நீலமாகத் தடம். அது மங்குவதற்குள் அடுத்த வகுப்பு வந்துவிடும், அதே இடத்தில் புதுத் தடம் விழும். வைத்தியசாலை இயந்திரத்தின் பக்கம் அவள் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. போன மாதம், ஏன் வரவில்லை என்று டாக்டரே கூப்பிட்டுக் கேட்டார்.

அக்டோபர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. களத்தில் கடைசித் தட்டுகளைக் கழுவி அடுக்கிவிட்டு, அவசரமாகத் தேயிலைத் தண்ணீரில் அரிசிக் கஞ்சி வைத்துக் குடித்துவிட்டு ஓடிவந்தாள். உடம்பில் சத்தே இல்லை. தாபுச்சி பிடித்தார். அவளுக்குச் சண்டை போடும் எண்ணமே வரவில்லை. அப்போது பார்த்து, அடுப்பை அணைத்தோமா என்று ஒரு நினைப்பு வந்தது. கஞ்சியை இறக்கினோம், சரி. அடுப்பை? மணி என்ன ஆயிற்று என்று பின்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்கத் திரும்பினாள். கையை மறந்து, காலும் இடுப்புமாக முழுசாகத் திரும்பினாள்.

பாயில் சர்ரென்று ஒரு சத்தம்.

தாபுச்சியின் வலது கால் அரை அடி முன்னால் வந்திருந்தது. இரண்டு பேரும் அந்தக் காலைப் பார்த்தார்கள்.

"நகந்துட்டேன்" என்றார் அவர்.

"வேணும்னு நகந்தீங்களா?"

"இல்ல."

"எனக்கு வயசாச்சு, முதுகு வலின்னு..."

"நான் என்னிக்காவது உங்களுக்கு மரியாதை பண்ணியிருக்கேனா?"

மசுயே சிரித்தாள். ரொம்ப நாளாக உபயோகிக்காத சிரிப்பு. இருமல் மாதிரி வெளியே வந்தது. அந்தப் பக்கம் நோடா திரும்பிப் பார்த்தார். அப்புறம் அன்று முழுக்க பதினோரு தடவை முயன்றாள். வேண்டுமென்றே கடிகாரத்தைப் பார்த்தாள், வேண்டுமென்றே அடுப்பை நினைத்தாள். அவர் ஒரு தடவைகூட நகரவில்லை. பரவாயில்லை. ஒரு தடவை நகர்ந்தது நிஜம்.

முடிந்து வெளியே வந்து செருப்பு மாட்டும்போது தாபுச்சி சொன்னார்.

"அடுத்த வாரம் நான் வரமாட்டேன்."

"ஏன்?"

"முட்டி ஆப்பரேஷன். ஒசாகாவுல, மக வீட்டுப் பக்கத்துல."

"எத்தனை நாள்?"

"அப்புறம் அங்கயேதான். வீட்டைக் குடுத்தாச்சு. மக தனியா இருக்க விடமாட்டேங்குறா." கொஞ்சம் நிறுத்தி, "பதினோராவது மாடி" என்றார், அது ஏதோ நோயின் பெயர் மாதிரி.

மசுயேவுக்கு நாக்கில் நிறைய இருந்தது. கூடமே கேட்க நோடாவைத் திட்டிய வாய் அது. வந்தது இவ்வளவுதான்:

"முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?"

"ஆகஸ்டுலயே தெரியும்."

"சொல்லவே இல்லையே."

"சொல்லியிருந்தா நீங்க மெதுவா பிடிக்கச் சொல்லியிருப்பீங்க."

இரண்டு பேரும் குனிந்து வணங்கினார்கள். குனிகிற தூரத்தில் நின்றார்கள். பாய்க்கு வெளியே ஒருவர் கையை ஒருவர் பிடிக்கும் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. தாபுச்சி நொண்டியபடி துறைமுகத்துப் பக்கம் போனார். மசுயே எதிர்ப்பக்கம் வந்தாள். வீட்டுக்கு வந்தால் அடுப்பு அணைத்துத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை சென்செய் கையைத் தட்டினார். எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேர் என்றால் யாரும் மிஞ்ச முடியாது. மூலையில் மரக்கம்பு சாய்ந்திருந்தது. நோடா தயங்கித் தயங்கி வந்து மசுயேவின் முன்னால் முட்டிபோட்டார்.

"மசுயே சான், நான் பிடிக்கலாமா?"

"பிடிங்க."

பிடித்தார். உடைந்துவிடுமோ என்று தோஃபுக் கட்டியை எடுக்கிற மாதிரி பிடித்தார். அவள் இடுப்பை அசைப்பதற்குள் அவருடைய ஒரு முட்டி மடங்க ஆரம்பித்துவிட்டது. பாவம், அவர் என்ன செய்வார். அந்த மனிதருக்குத் தெரிந்த நல்ல குணம் அது ஒன்றுதான்.

"நோடா சான்."

"சொல்லுங்க."

"கொஞ்சம் தாமதமா விழுங்க."

"எவ்வளவு தாமதமா?"

"நான் திரும்பி முடிக்கற வரைக்கும்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவள் கையை அவரிடமே விட்டுவிட்டுத் திரும்பினாள். அவர் விழுந்தார். முன்னைவிடக் கொஞ்சம் தாமதம்தான். அது நிஜமா மரியாதையா என்று அவளுக்குத் தெரியவில்லை. தாபுச்சி இருந்திருந்தால் சொல்லியிருப்பார். அவளே நோடாவுக்குக் கையைக் கொடுத்து எழுப்பி விட்டாள். நிஜமாக விழுந்தாரா என்று கேட்கவில்லை.

புதன்கிழமை முதுகு பிடித்துக்கொண்டது. ரயில் நிலையத்துப் பக்கம் இருந்த மருந்துக் கடைக்குப் போனாள். வலி ஒட்டுப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தாள். கல்லாவில் இருந்த பெண் பெட்டியைப் பார்க்கவில்லை. மசுயேவின் சட்டைக் கைக்கு வெளியே தெரிந்த மணிக்கட்டைப் பார்த்தாள். தடங்கள் நீலம் போய் மஞ்சளாகிவிட்டிருந்தன. ஆனாலும் விரல் விரலாக எண்ணலாம். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, தப்பா நெனைச்சுக்காதீங்க. வீட்டுல யாராவது உங்களை..."

"வீட்டுல யாரும் இல்ல."

"இது யாரோ இறுக்கிப் பிடிச்ச தடம் மாதிரி இருக்கே."

"ஆமா. தாபுச்சின்னு ஒருத்தர்."

"நகராட்சியில சொல்றதுக்கு ஒரு ஃபோன் நம்பர் இருக்கு. உங்க பேர் வெளிய வராது. அவர் இப்போ எங்க இருக்கார்?"

"ஒசாகாவுல. பதினோராவது மாடியில."

"திரும்பி வந்து தொந்தரவு பண்ணுவாரா?"

"வரமாட்டார்" என்றாள் மசுயே. "அவர் மேல ஒண்ணும் தப்பில்லம்மா. நான்தான் பிடிக்கச் சொன்னேன். முட்டிபோட்டுக் கேட்டேன்."

அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, முகம் சிவந்துவிட்டது. பேச்சை மாற்ற, கல்லா ஓரத்திலிருந்து சின்ன ஒட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். "மணிக்கட்டுக்கு இது ஒண்ணு ஒட்டிக்குங்க. ரெண்டு நாள்ல தடமே தெரியாது."

மசுயே சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"அதுக்கு வேணாம்."

முதுகுக்கு மட்டும் வாங்கினாள். பெரிய ஒட்டு, பெட்டிக்குப் பன்னிரண்டு, எழுநூற்று அறுபத்தெட்டு யென்.